அப்டேட் போட்ட மறுநாள் மடிக்கணினி எழும்பவில்லை

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சிறு வணிகர்கள் சிலருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என்னுடையது விண்டோஸ் 11 மடிக்கணினி. புதன்கிழமை இரவு 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று வந்ததை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் அணைந்து மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஒருமுறை நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டது. நான் எந்தப் பூட்டும் போட்டதில்லையே! கடையில் காட்டினால் 'ஃபார்மேட் பண்ணினால்தான் வரும், உள்ளே இருப்பது போய்விடும்' என்கிறார்கள். வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?"

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் கோப்புகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. விண்டோஸ் எழுவதற்குத் தேவையான சில கோப்புகள் அரைகுறையாக மாறிப்போய் நிற்கின்றன, அவ்வளவுதான். அப்டேட் கோளாறால் சொந்தக் கோப்புகள் அழிவது அரிது. அதற்குப் பிறகு பதற்றத்தில் நாம் அழுத்துகிற பொத்தான்களால்தான் பெரும்பாலும் அழிகின்றன.

புதன் இரவு என்று சொல்கிறீர்கள். அது தற்செயல் அல்ல. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது புதன் அதிகாலை 1 மணி, அங்கே குளிர்காலமென்றால் 2 மணி. பகல் முழுக்கப் பின்னணியில் இறங்கி, இரவில் கணினியை அணைக்கும்போது அப்டேட் வேலையைத் தொடங்குகிறது.

சரி, முதலில் அந்த 48 இலக்க எண்ணைப் பார்ப்போம். மற்ற எல்லாமே அதை நம்பித்தான் இருக்கிறது.

நீங்கள் பூட்டுப் போடவில்லை, உண்மைதான். விண்டோஸ் தானாகவே போட்டிருக்கிறது. இப்போது வரும் பெரும்பாலான மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை உள்நுழையும்போதே டிரைவில் இருப்பதெல்லாம் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுவிடும். இதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்றிருக்கும். சாவியை டிபிஎம் என்ற சில்லு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் எல்லாம் வழக்கம்போல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கொடுக்கும். அப்டேட்டோடு பயாஸோ (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) தொடக்கக் கோப்புகளோ மாறியிருந்தால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும், சாவியைத் தராது. அப்போதுதான் அந்த நீலத் திரை வருகிறது. யாரும் உங்கள் கணினிக்குள் புகுந்துவிடவில்லை.

மாற்றுச் சாவி, அதாவது திரை கேட்கும் அந்த 48 இலக்க எண், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது அந்த நீலத் திரையிலேயே போட்டிருக்கும். கைப்பேசியில் திறந்து உள்நுழைந்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் பட்டியலில் இருந்தால், திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு எது பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது.

அங்கே எதுவும் இல்லை என்றால், கணினி வாங்கிய அன்று அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அமைத்துக் கொடுத்தது யார் என்று யோசியுங்கள். பல வீடுகளில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைதான் அந்த வேலையைச் செய்கிறது, அதுவும் தன் கணக்கில். அப்படியானால் சாவி மகனுடைய கணக்கில் இருக்கும். பள்ளி அல்லது அலுவலக மின்னஞ்சலைச் சேர்த்திருந்தால் அந்த நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் இருக்கும். எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது. கடைக்காரராலும் முடியாது; அவர் 'ஃபார்மேட்' என்று சொன்னதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம். சாவி கேட்டு வாங்குவதைவிடத் துடைத்துப் போடுவது அவருக்குச் சுலபம்.

எண் எட்டுத் தொகுதிகளாக, தொகுதிக்கு ஆறு இலக்கமாக இருக்கும். மகன் தொலைபேசியில் வாசிக்க நீங்கள் எழுதிக்கொண்டு, ஏற்கவில்லை என்று வந்தால் எங்கே பிசகியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. 135795 என்றால் 12345 என்று முழு எண் கிடைக்கும். 135796 என்று எழுதியிருந்தால் புள்ளி வைத்து நீளும். கைப்பேசிக் கணிப்பானில் எட்டு முறை வகுத்தால் தப்பான தொகுதி அகப்பட்டுவிடும்.

சாவி கையில் கிடைத்ததும் மடிக்கணினியில் செருகியிருப்பதையெல்லாம் கழற்றுங்கள்: யுஎஸ்பி டிரைவ், அச்சுப்பொறி, மெமரி கார்டு, வெளித்திரை. மின்சார அடாப்டர் மட்டும் இருக்கட்டும். பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து முழுவதுமாக அணைத்துவிட்டு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். சில சமயம் இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் நிலைமை வேறாக இருந்து, 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று ஏதோ ஒரு சதவீதத்தில் நின்றிருந்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். பழைய சுழல் வட்டுக் கணினியென்றால் இரவு முழுக்க. திரை கறுப்பாகவே இருந்தால் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, திரைதான் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் காட்சி டிரைவர், அதாவது திரையை இயக்கும் மென்பொருள், மறுபடி தொடங்கும். உங்களுடையது சின்னம் வரை வந்து திரும்புவதால் இந்த இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது விண்டோஸுக்குள் ஒளிந்திருக்கும் மீட்புத் திரை. பழைய பழக்கத்தில் எஃப்8-ஐத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது இயல்பாக வேலை செய்வதில்லை. கணினியை எழுப்புங்கள், புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இதையே இன்னொரு முறை செய்யுங்கள். மூன்றாம் முறை விட்டுவிட்டால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும். அங்கிருந்து 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'டிரபிள்ஷூட்', மறுபடி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் ஏழெட்டுப் பெட்டிகள் தெரியும். வழியில் 48 இலக்கச் சாவியைக் கேட்டால் கொடுங்கள்.

எல்லோரும் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' மேல் கை வைப்பார்கள். ஒருமுறை ஓடவிடலாம், தீங்கில்லை. ஆனால் "சரிசெய்ய முடியவில்லை" என்று அது கைவிரித்த பிறகும் திரும்பத் திரும்ப அதையே ஓட்டுவது வெட்டி வேலை. நேற்று வரை ஓடிய கணினி அப்டேட்டால் நின்றது என்றால் அந்த அப்டேட்டை எடுப்பதுதான் நேர்வழி. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்ற பெட்டிக்குள் இரண்டு இருக்கும். 'குவாலிட்டி அப்டேட்' என்பது மாதாந்திரம். 'ஃபீச்சர் அப்டேட்' என்பது ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றம். உங்கள் விஷயத்தில் முதலில் குவாலிட்டி. கால் மணி, அரை மணி கூட ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். பெரிய பதிப்பு மாற்றத்தைத் திரும்பப் பெறச் சாதாரணமாகப் பத்து நாள்தான் அவகாசம். அதற்கப்புறம் விண்டோஸ் பழைய பதிப்பைத் தானே அழித்துவிடும்.

அப்டேட்டை எடுக்க முடியவில்லை என்று வந்தால் 'சிஸ்டம் ரிஸ்டோர்'. அப்டேட்டுக்கு முந்தைய நாளின் மீட்புப் புள்ளி (விண்டோஸ் அப்போது சேமித்து வைத்த தன் நிலை) ஏதாவது பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் ஆவணங்களை அது தொடாது. அந்த நாளுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும்.

அதுவும் இல்லையென்றால் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக மறுதொடக்கம் செய்து, வரும் பட்டியலில் 4-ஐ அழுத்துங்கள். இது சேஃப் மோட். மிக அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் எழும். இதில் எழுந்துவிட்டால் குற்றவாளி விண்டோஸ் அல்ல. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் டிரைவரோ வைரஸ் தடுப்பு மென்பொருளோதான். 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை நினைவிருக்கும். அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான கோப்பால் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்தன. அத்தனைக்கும் பரிகாரம் சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். மறையாக்கம் செய்த கணினிகளில் 48 இலக்கச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் நிர்வாகிகளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. சேஃப் மோடில் எழுந்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் அதே வகை வேலைதான்: வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்குங்கள், அல்லது டிவைஸ் மேனேஜரில் காட்சி டிரைவரை 'ரோல் பேக்' செய்யுங்கள்.

இத்தனையும் தோற்றால்? அப்போதும் ஃபார்மேட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கோப்புகளை வெளியே எடுப்பது. இதற்குக் கடை தேவையில்லை, நோட்பேட் போதும். மீட்புத் திரையில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் வந்ததும் 'ஃபைல்', 'ஓப்பன்' போய், கீழே கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். அந்தச் சின்னப் பெட்டிதான் இப்போது உங்கள் கோப்பு மேலாளர். யுஎஸ்பி டிரைவைச் செருகி, 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் தேடி, 'டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' இரண்டையும் வலப்பக்கப் பொத்தானால் நகலெடுத்து யுஎஸ்பியில் ஒட்டுங்கள். இங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். சி-யில் காணோமே என்று பதறாமல் டி, ஈ எல்லாவற்றிலும் பாருங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது, பெட்டி உறைந்ததுபோல் நிற்கும். யுஎஸ்பியின் விளக்கு மினுக்குவதை நிறுத்தும்வரை பொறுங்கள். கணக்கு மென்பொருள் தன் தரவை வேறு கோப்புறையில் வைத்திருக்கக்கூடும், அதையும் மறக்காதீர்கள்.

கோப்புகள் வெளியே வந்துவிட்டால் பயமில்லை. 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஆவணங்கள் இருக்கும், மென்பொருள்களை மறுபடி நிறுவ வேண்டும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது பெயருக்கேற்ற வேலையைச் செய்யும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் ஆலோசனை தலைகீழ். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தாலோ, பயாஸ் பட்டியலில் டிரைவே தெரியாவிட்டாலோ, சுழல் வட்டு டக் டக்கென்று தட்டினாலோ மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பயாஸ் அப்டேட்டால் டிரைவ் சார்ந்த அமைப்பு மாறிப்போனதாகவும் இருக்கலாம்; ஆனால் தட்டும் சத்தம் வந்தால் டிரைவ் சாகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்புக்கென்றே இருப்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

கடைக்குத்தான் போவதென்றால், சிம் லிம் ஸ்குவேரோ பேட்டைக் கடையோ, மூன்றைப் பேசிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எத்தனை வெள்ளி? என் ஒப்புதல் இல்லாமல் எதையும் அழிக்க மாட்டீர்கள்தானே? டிரைவை மாற்றினால் பழையதை என்னிடமே தருவீர்களா? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். உள்ளே மற்றவர்களின் கணக்கு இருப்பதால் பழைய டிரைவைக் கடையில் விட்டுவர உங்களுக்கு வழியில்லை.

இன்னொன்று. பதற்றத்தில் 'மைக்ரோசாஃப்ட் உதவி எண்' என்று கைப்பேசியில் தேடி முதலில் வரும் விளம்பரத்துக்கு அழைத்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணே இருக்காது. யாராவது தொலைவிலிருந்து சரிசெய்து தருகிறேன் என்று வங்கி விவரமோ சிங்பாஸோ கேட்டால் வைத்துவிட்டு, ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-க்கு அழையுங்கள்.

கணினி எழுந்தவுடன் 'செட்டிங்ஸ்', 'விண்டோஸ் அப்டேட்' போய் அப்டேட்டை இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அதே அப்டேட் மறுபடி இறங்கிவிடும். ஐந்து வாரம்வரை நிறுத்த இடமுண்டு, ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அவ்வளவு நாள் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரத்துக்குள் பழுது தெரியவந்து திருத்தமும் வந்துவிட வாய்ப்பு அதிகம். அடுத்த முறை போடுவதை, மறுநாள் வேலையில்லாத சனிக்கிழமைக் காலையில் அடாப்டரைச் செருகி வைத்துக்கொண்டு செய்யுங்கள். சாவியைத் தாளில் அச்செடுத்து, மடிக்கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். அப்படியும் எழவில்லையென்றால் நீலத் திரையின் அடியில் வரும் பிழைக் குறியீட்டைப் படமெடுத்து, எந்த நிறுவனத்து மாடல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 48 இலக்கச் சாவி மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.