போலித் தரவில் தென்படும் எதிர்த்திசை விளைவு

வணக்கம். குடியாத்தம் பகுதியின் பீடித் தொழிலாளர் குடும்பங்களை மனத்தில் வைத்து, குழந்தையின் 6, 18, 30ஆம் மாதங்களுக்குப் பணநெருக்கடியையும் பேச்சு வளர்ச்சியையும் கணினியில் உருவாக்கியதாகவும், நெருக்கடி வளர்ச்சியைப் பாதிக்கும் திசையை மட்டுமே வைத்திருந்தும் வளர்ச்சி நெருக்கடியைப் பாதிக்கும் எதிர்த்திசை விளைவும் தென்படுவதாகவும் சொல்லி, நிரலில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள்.

நிரலில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத அடிப்படை நிலை ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். சாதாரண கிராஸ்-லேக்டு மாதிரி (ஒரு முறை அளந்த நெருக்கடியும் வளர்ச்சியும் அடுத்த முறை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று கணிக்கும் புள்ளியியல் மாதிரி), குடும்பங்களுக்கு இடையிலான அந்த நிலையான வேறுபாட்டையும் ஒரே குடும்பத்துக்குள் அவ்வப்போது நேரும் ஏற்றத்தாழ்வையும் பிரிக்காமல் கலந்துவிடுவதால், இல்லாத விளைவையும் இருப்பதுபோல் காட்டக்கூடும். 2015இல் ஹமாக்கரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த ரேண்டம் இன்டர்செப்ட் வடிவத்துக்கு மாறுங்கள்; அது அந்த நிலையான வேறுபாட்டைத் தனியே பிரித்துவிடும். அதற்கு 3 சுற்று அளவீடுகளே போதும் என்றாலும், மாதிரி தரவுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க இடம் மிகக் குறைவு. போலித் தரவுக்குச் செலவா ஆகப்போகிறது, 5 சுற்றுகளாக்கிவிடுங்கள்.

நெருக்கடிக்கு வீட்டுச் சொத்துப் பட்டியலை அளவாகக் கொள்ள வேண்டாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில், ஒப்பந்ததாரர் இலையும் தூளும் குறைத்துக் கொடுத்த வாரத்தில் மளிகைக் கடன் ஏறும். டிவியும் கட்டிலும் அப்படியேதான் இருக்கும்.

ஆய்வின் நடுவே விடுபடும் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் நீக்கியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. வேலை தேடிப் பெங்களூருக்குப் போகும் குடும்பமும், அடுத்த பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் தாயும் காரணத்தோடுதான் விடுபடுகிறார்கள். ஆகவே விடுபடும் நிகழ்தகவை முந்தைய சுற்றின் நெருக்கடியோடு இணைத்து, 1,000 முறை ஓட்டிப் பாருங்கள்.