டாப்பில் வரி வரியாக ஓடுகிறது, சுமை எந்தச் சேவையுடையது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கடைவீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் உபுண்டு 22.04 போட்டு, மூடல் (Moodle) என்ற இணையப் பாடத்தளம், அதன் தரவுக்கு மரியாடிபி, கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டுகிறேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் எஸ்பிஎம் பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குச் சேர்ந்து பயிற்சித் தேர்வு எழுதினால் கணினி இழுக்கிறது. ஓடும் செயல்களைப் (process) பட்டியலிடும் டாப் கட்டளையில், மூடலை ஓட்டும் பிஎச்பி என்றே பல வரிகள். எதுவும் தனியாகப் பெரிதில்லை. சேவைவாரியாகக் கூட்டிப் பார்க்க முடியுமா?"

முடியும், புதிதாக எதையும் நிறுவவும் வேண்டாம். டாப்பில் வரும் மெமரி எண்களை மட்டும் கையால் கூட்டாதீர்கள். பிஎச்பி வேலையாட்கள், அதாவது வேலையைப் பங்கிட்டுச் செய்யும் செயல்கள், தொகுத்த நிரலைச் சேமிக்கும் ஓப்கேஷ் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். டாப் அதே இடத்தை ஒவ்வொருவர் கணக்கிலும் எழுதுவதால் கூட்டுத்தொகை ஊதிப்போகும்.

லினக்ஸின் மையமான கெர்னலில், செயல்களைக் குழுவாக்கிக் கணக்குப் பார்க்கும் சிகுரூப் என்ற வசதி 2008 முதல் இருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒவ்வொரு சேவையையும், அது பெற்றெடுக்கும் பிள்ளைச் செயல்களோடு சேர்த்து, தனித்தனி சிகுரூப்பில் வைக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டும் கட்டளை சிஸ்டம்டி-சிஜிடாப் (systemd-cgtop). டெர்மினலில் தட்டினால் குழுவின் பெயர், செயல்களின் எண்ணிக்கை, சிபியு, மெமரி, டிஸ்க் போக்குவரத்து வரிசையாக வரும். எம் விசை மெமரிப்படியும், சி விசை சிபியுப்படியும் அடுக்கும். சிபியு 100 சதவீதத்தைத் தாண்டினால் பயப்பட வேண்டாம், நான்கு கோர் கணினியில் 400 வரை போகலாம். டிஸ்க் பத்தியில் வெறும் கோடு இருந்தால் அந்தச் சேவைக்கு ஐஓ-அக்கவுன்டிங், அதாவது டிஸ்க் கணக்கெடுப்பு, இயங்கவில்லை. சிஸ்டம்சிடிஎல் செட்-பிராப்பர்ட்டி (systemctl set-property) கட்டளை கொண்டு இயக்கிக்கொள்ளலாம்.

தேர்வு நேரத்தில் திரை முன்னால் உட்கார உங்களுக்கு நேரம் இருக்காது. அதே சிஜிடாப் கட்டளைக்கு, தானாக ஓடும் பேட்ச் முறைக்கு மைனஸ் பி, இடைவெளிக்கு மைனஸ் டி 10, தடவைக்கு மைனஸ் என் 180 கொடுத்து ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். அரை மணி நேரக் கணக்கு பதிவாகிவிடும். முதல் தடவையில் சிபியு காலியாக இருக்கும், ஒப்பிட முந்தைய அளவு இல்லையே.

இனி மெமரி எண். பலர் ஏமாறுவது இங்கேதான். சிகுரூப் மெமரியில் கோப்புக் கேஷும், அதாவது படித்த கோப்புகளின் தற்காலிக நகலும், சேரும். யாராவது பெரிய வீடியோவை நகலெடுத்தால் சாம்பா ஜிபி கணக்கில் தின்பதுபோலத் தெரியும். அதில் பெரும்பகுதி, தேவை வந்தால் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம். அதனால் சிஸ் கோப்பகத்தின் எஃப்எஸ், சிகுரூப் வழியாக சிஸ்டம்-ஸ்லைஸுக்குள் போய், அந்தச் சேவையின் மெமரி-ஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். அனான் என்பது செயல் தனக்கென்று பிடித்துக்கொண்ட நினைவகம், ஃபைல் என்பது கேஷ். பிஎச்பி வேலையாட்களை நடத்தும் பிஎச்பி-எஃப்பிஎம் சேவையின் அனான், தேர்வு எழுதும் மாணவர்கள் கூடக் கூட ஏறினால், வேலையாட்களின் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ்-சில்ட்ரன் எண்ணைக் குறையுங்கள். சிலர் வரிசையில் கொஞ்சம் காத்திருப்பார்கள், ஆனால் கணினி ஸ்வாப்பில், அதாவது ரேம் போதாமல் டிஸ்க்கை நினைவகமாக்கும் நிலையில், விழாது. எடுத்த எடுப்பிலேயே சேவைக்கு மெமரி-ஹை என்ற நினைவக வரம்பு போடச் சொல்லமாட்டேன். வரம்பைத் தாண்டும் சேவையை அது மெதுவாக்கும், தேர்வு இன்னும் இழுக்கும்.

குறித்த நேரத்தில் வேலைகளைக் கிளப்பும் கிரான்-சர்வீஸ் சிஜிடாப் பட்டியலில் மேலே ஏறி நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். உபுண்டுவில் கிரான் கிளப்பும் பேக்கப் அந்தக் கணக்கில்தான் சேரும். எட்டு மணிக்குப் பேக்கப் ஓடுகிறது என்றால் நள்ளிரவுக்குத் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

ரேம் வாங்கும் முன் ஒரு காரியம். சேவை இருக்கும் அதே கோப்பகத்தில் மெமரி-பிரஷர், ஐஓ-பிரஷர் என்று இரண்டு கோப்புகள் உண்டு. நெரிசல் நேரத்தில் இரண்டையும் படியுங்கள். கடைசி 10, 60, 300 விநாடிகளில் எத்தனை சதவீத நேரம் செயல்கள் காத்துக் கிடந்தன என்று சொல்லும். மெமரி-பிரஷர் சுழிக்குப் பக்கத்தில் இருந்து ஐஓ-பிரஷர் ஏறுகிறதா? அப்போது ரேமுக்கு வைத்த ரிங்கிட்டில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி, மரியாடிபி தரவை அதற்கு மாற்றுங்கள்.