வீட்டில் ப்ளூடூத் ஹெட்போன்: ஒலித்தரம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றியவை. கோடெக்குக்கு உரிய இடம் உண்டு. ஆனால் வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு அது முதலில் கவனிக்க வேண்டியதல்ல என்பதே என் கருத்து. அதனால் கேள்விகளை வந்த வரிசையில் எடுக்காமல், கவனிக்க வேண்டிய வரிசையில் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கடையில் கேட்டபோது அருமையாக இருந்த பேஸ் வீட்டில் பாதிகூட இல்லை. என் ஃபோன் பழையது, அதுதான் காரணமா?

பதில்: ஃபோனைச் சந்தேகிக்கும் முன் குஷனைப் பாருங்கள். காதைச் சுற்றிக் குஷன் இடைவெளியின்றிப் படிந்தால்தான் தாழ்ந்த ஒலிகள் உள்ளே நிற்கும். சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் வெளியேறிவிடுவது பேஸ்தான். மிருதங்கமோ பேஸ் கிடாரோ உள்ள ஒரு பதிவை ஓடவிட்டு, இரு குஷன்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி கனத்துக் கேட்டால், குறை ஃபோனில் இல்லை, படிவதில்தான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பு, காதோரம் சிக்கிய முடி, வியர்வையில் இறுகி வெடித்துப்போன பழைய குஷன் ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். புதுக் குஷன் வாங்கும்போது அதே மாடலுக்குரியதையே வாங்குங்கள். தடிமனோ துணியோ மாறினால் ஒலியும் மாறும். இயர்பட்ஸ் வைத்திருப்பவர்கள், பெட்டியோடு வரும் சிறிய, பெரிய சிலிகான் டிப்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். வலக்காதுக்கு ஓர் அளவும் இடக்காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவது இயல்பானதே.

கேள்வி: லேப்டாப்பில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. அலுவலக மீட்டிங்கில் சேர்ந்தவுடன் எல்லாமே பழைய தொலைபேசியில் கேட்பது போல் ஆகிவிடுகிறது. ஹெட்போன் பழுதா?

பதில்: பழுது இல்லை. இது பலரை வீணாகப் பணம் செலவழிக்க வைக்கும் விஷயம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வழக்கமான ப்ளூடூத்தில் இசைக்கு ஒரு வழியும் பேச்சுக்கு வேறொரு வழியும் உண்டு. இசை வழியில் ஸ்டீரியோ ஒலி ஹெட்போனுக்கு மட்டும் போகும். அந்த வழியில் மைக்கின் குரல் திரும்பி வர இடமில்லை. ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தவுடன், கணினி இசை வழியை விட்டுப் பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோவாகிறது (இரு காதிலும் ஒரே ஒலி). மாதிரி வீதம் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிக்கிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 16 கிலோஹெர்ட்ஸுக்கோ, பழைய கருவிகளில் 8 கிலோஹெர்ட்ஸுக்கோ இறங்குகிறது. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பதிவாகவே முடியாது என்பதால், 16 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில்கூட 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மினுமினுப்பு எல்லாம் போய்விடும்.

தீர்வு எளிது. மீட்டிங் செயலியின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்போனையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். கூட்டம் முடிந்த பிறகும் ஒலி திரும்பவில்லை என்றால், பின்னணியில் ஏதோ ஒரு செயலி இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை முழுமையாக மூடிவிட்டால் சரியாகும். 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை இந்தக் குறையை நீக்க வல்லது. ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

கேள்வி: அடுக்களைப் பக்கம் போனால் ஒலி விட்டுவிட்டு வருகிறது. ஹாலில் இந்தப் பிரச்சினை இல்லை.

பதில்: ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை ரவுட்டரின் ஒரு பகுதியும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ப்ளூடூத் 79 சிறு அலைத்தடங்களுக்கிடையே தாவித்தாவி நெரிசலைத் தவிர்க்கப் பார்க்கும். எல்லாத் தடமும் இரைச்சலாக இருந்தால் அதனாலும் முடியாது. ஃபோன், லேப்டாப், டிவி ஆகியவற்றை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் அலையைத் தடுக்கும். நம் உடலும் தடுக்கும். ஃபோன் பின் பையிலிருந்து சட்டைப் பைக்கு வந்தாலே சில வீடுகளில் துண்டிப்பு நின்றுவிடும். கணினியில் ப்ளூடூத் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு ப்ளூடூத் கருவி) யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தால், சிறு நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். அந்த டிஸ்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுபவை.

கேள்வி: எல்டாக் என்ற கோடெக்கைப் போட்டால் வினாடிக்கு 990 கிலோபிட் வரும் என்கிறார்கள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. என் காதில் குறையா?

பதில்: உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். சிடி தரம் என்பது வினாடிக்கு 1,411 கிலோபிட். எல்லா ப்ளூடூத் ஹெட்போனிலும் உள்ள எஸ்பிசி கோடெக், நல்ல அமைப்பில் 328 கிலோபிட் வரை தருகிறது. எல்டாக் 330, 660, 990 என மூன்று நிலைகளில் இயங்கும்; தானியங்கி அமைப்பில் விட்டால், அலை நெரிசல் கூடும்போது தானே கீழ் நிலைக்கு இறங்கிவிடும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 990ஐக் கட்டாயமாக்கலாம். ஆனால் ஒலி அறுபடத் தொடங்கினால் அந்த எண்ணால் பயனில்லை. தடையின்றி ஓடும் 660ஐயே நான் பரிந்துரைப்பேன். ஐபோனில் எல்டாக்கும் இல்லை, ஏப்டிஎக்ஸ் என்ற கோடெக்கும் இல்லை, ஏஏசி கோடெக்தான். அது நன்றாகவே ஒலிக்கிறது என்பதால், அதற்காக ஃபோனை மாற்ற வேண்டாம். தம்புராவின் தேயும் நாதம், கைத்தட்டல், ஜால்ரா போன்றவற்றில்தான் கோடெக்குகளின் வேறுபாடு கொஞ்சமாவது தெரியும்.

கேள்வி: பாட்டுச் செயலியின் லாஸ்லெஸ் (தரம் இழக்காத ஒலி) சந்தாவுக்குப் பணம் கட்டலாமா?

பதில்: ப்ளூடூத்தில் மட்டும் கேட்பவராக இருந்தால் அவசரமில்லை. ஏப்டிஎக்ஸ் லாஸ்லெஸ் போன்ற ஓரிரு முறைகளைத் தவிர, ப்ளூடூத்தில் போகும் ஒலி எப்படியும் சுருக்கப்படும். அதைவிட, செயலியின் அமைப்பில் தரம் ‘தானியங்கி’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். வீட்டு வைஃபையில் அதை உச்சத்துக்கு மாற்றுவது பணம் செலவில்லாத காரியம்.

கேள்வி: நாய்ஸ் கேன்சலிங்கை (வெளி இரைச்சலை அடக்கும் வசதி) வீட்டில் போட வேண்டுமா? போட்டால் சில நேரம் ‘புஸ்புஸ்’ என்று ஓர் ஒலி வருகிறது.

பதில்: நீங்கள் சீலிங் ஃபேனுக்கு நேர்க் கீழே அமர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹெட்போனின் வெளிப்புற மைக் துளைகளில் காற்று மோதும்போது, அதையும் ஓர் இரைச்சலாக எண்ணிக் கருவி பதில் ஒலி எழுப்புகிறது. நாற்காலியை நகர்த்துங்கள், அல்லது செயலியில் காற்று இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். மற்றபடி ஏசி, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் தாழ்ந்த உறுமலை அடக்குவதில் இந்த வசதி உண்மையிலேயே சிறந்தது. உறுமல் அடங்கினால் வால்யூமைக் கூட்டாமலே நுணுக்கங்கள் கேட்கும். இது காதுக்கும் நல்லது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

கேள்வி: ஈக்வலைசரில் பேஸைக் கூட்டினால் குரல் கரகரக்கிறது.

பதில்: கூட்டியதனால் ஒலி அலை எண்ணிலக்க உச்ச வரம்பைத் தாண்டி வெட்டுப்படுகிறது. ப்ரீஆம்ப் அளவை (ஈக்வலைசரின் மொத்த ஒலி அளவு), பேஸைக் கூட்டிய அதே டெசிபல் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்; ப்ரீஆம்ப் இல்லாத செயலியில் பேஸைத் தொடாமல் மற்றப் பட்டைகளைச் சற்றுக் கீழே இறக்குங்கள். ஃபோனிலும் ஹெட்போனின் செயலியிலும் இரண்டு ஈக்வலைசர்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று போதும், ஹெட்போன் செயலியில் இருப்பதை வைத்துக்கொண்டால், எந்தக் கருவியோடு இணைத்தாலும் பெரும்பாலும் அதே அமைப்பு தொடரும்.

கேள்வி: அம்மாவுக்கு டிவி பார்க்க வாங்கினோம். உதடு அசைந்த பிறகே பேச்சு வருகிறது என்கிறார்.

பதில்: ப்ளூடூத்தின் தாமதம் அது. டிவியின் ஒலி அமைப்பில் ஏவி சிங்க் (படத்தையும் ஒலியையும் ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) இருந்தால் அதில் சரிசெய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால், டிவிக்கென்றே தளப்பெட்டியோடு விற்கும், ப்ளூடூத் அல்லாத ரேடியோ அலை ஹெட்போனை வாங்கிக் கொடுங்கள். தாமதம் மிகக் குறைவு. கழற்றிப் பெட்டியில் மாட்டினால் சார்ஜும் ஏறிவிடும் என்பதால் அம்மாவுக்கும் சிரமம் இராது.