அசதியா, கண்ணு சொக்குதா, மூச்சு வாங்குதா? – டாக்டர் பதில்கள்

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், "எப்பப் பார்த்தாலும் டயர்டா இருக்கு". சரி, மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், டாக்டர்கிட்ட போறப்ப "டயர்டு"ங்கற ஒரே வார்த்தையோட நிறுத்தாதீங்க. நம்ம பாட்டிங்க அந்த ஒத்தை வார்த்தைய வச்சு ஓட்டல, அசதின்னாங்க, மூச்சு வாங்குதுன்னாங்க, கண்ணு சொக்குதுன்னாங்க, கை கால் ஓஞ்சு போச்சுன்னாங்க, எதுலயும் மனசு ஒட்டலன்னாங்க. ஒவ்வொண்ணும் உடம்புல ஒவ்வொரு இடத்தைக் காட்டுது, எங்களுக்குப் பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும்.

டாக்டர் மேடம், எனக்கு 34 வயசு, பனியன் கம்பெனில ஓவர்லாக் மெஷின்ல இருக்கேன். ஒரு வருஷமா மாடி ஏறுனாலே படபடன்னு வருது, மூச்சு வாங்குது, முடி கொட்டுது. பக்கத்து கிளினிக்ல சத்து ஊசி போட்டு ஒரு பாட்டில் ஏத்தி விடுவாங்க, ரெண்டு நாள் நல்லாருக்கும், அப்புறம் பழையபடிதான். இன்னொண்ணு, சிரிக்காதீங்க, பச்சரிசிய அள்ளி அள்ளி மெல்றேன், விட முடியல. – வாசகி, திருப்பூர்

சிரிக்க மாட்டேன்மா, நீங்க எழுதுனதுலயே முக்கியமான வரி அந்தப் பச்சரிசிதான். அரிசி, சாம்பல், சாக்பீஸ், மண்ணு, ஐஸ்கட்டி இப்படி எதையாவது மென்னுக்கிட்டே இருக்கணும்னு தோணுறது உடம்புல இரும்புச்சத்து வத்திப் போனவங்களுக்கு அடிக்கடி வர்ற ஒண்ணு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நிறைய பேர் மறைச்சிடுவாங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குறது, படபடப்பு, முடி கொட்டுறது எல்லாம் சேர்த்துப் பார்த்தா ரத்த சோகையாதான் இருக்கும்னு தோணுது, ஆனா தோணுறது போதாது, ரத்தம் எடுத்துப் பார்க்கணும். ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற சிபிசின்னு ஒரு டெஸ்ட், கூடவே ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ, ஆம்பளைங்களுக்கு 13க்குக் கீழ, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனா ரத்த சோகை. ஃபெரிட்டின்ங்கறது உடம்பு சேமிச்சு வச்சிருக்கிற இரும்பைக் காட்டுற கணக்கு, சம்பளம் வந்துக்கிட்டுதான் இருக்கு ஆனா பேங்க்ல காசில்லங்கற மாதிரி ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டி அசதியா இருக்கிறவங்களும் உண்டு. நீங்க தனியாள் இல்ல, 2019-21ல நடந்த தேசிய குடும்பநல சர்வேயில 15லேர்ந்து 49 வயசு இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை.

அந்த பாட்டில் கதைய கொஞ்சம் பேசியே ஆகணும். 500 மில்லி, 5 பர்சென்ட் குளுக்கோஸ் பாட்டில்ல இருக்கிற சர்க்கரை எவ்வளவு தெரியுமா, 25 கிராம். ஆறு டீஸ்பூன். வீட்ல ரெண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடிச்சா தீர்ந்துச்சு. ரெண்டு நாள் நல்லாருந்ததுக்கு, ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழ யாரும் கூப்பிடாம படுத்திருந்தீங்களே அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். வாந்தி பேதில தண்ணி வத்திப்போனவங்களுக்கு டிரிப் உயிர் காக்கும், அசதிக்கு அது காசுக்குப் பிடிச்ச கேடு.

இப்ப அடுத்த கேள்வி, ரத்தம் எங்க போகுது? தூரம் எத்தனை நாள், எவ்வளவுன்னு யாரும் கேக்கறதில்ல, நீங்களும் எழுதல. ஏழு நாளைக்கு மேல ஓடுறது, ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு தரம் நாப்கின் மாத்துறது, கட்டி கட்டியா விழறது, இதெல்லாம் "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்"னு விடற விஷயமில்ல. கர்ப்பப்பையில நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், ஒரு ஸ்கேன் பாத்துடுங்க. ஓட்டைய அடைக்காம குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா எப்ப நிறையும். (இதே ரத்தக் குறைவு ஒரு ஆம்பளைக்கோ தூரம் நின்னுபோன அம்மாவுக்கோ வந்தா கதையே வேற, வயித்துல குடல்ல எங்கயாவது கசியுதான்னு பார்த்தே தீரணும், மூலம்னு நினைச்சுக்கிட்டு விட்டு கேன்சர் லேட்டா தெரிய வந்தவங்கள பார்த்திருக்கேன். செருப்பில்லாம வயக்காட்டுல நடக்கிறவங்களுக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம்.)

இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா கிடைக்கும். டீ காபி குடிச்ச கையோட போடாதீங்க, முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது கேப் விடுங்க, டீல இருக்கிற துவர்ப்பு இரும்பை இழுத்துப் பிடிச்சுக்கும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்கா கூட போட்டா நல்லா சேரும். மலம் கறுப்பா போகும், பயந்து நிறுத்திடாதீங்க. மலச்சிக்கல் வந்தா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரைய மாத்திக்கலாம், சில பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்னு கொடுப்போம். ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறணும், ஏறலன்னா திரும்ப வாங்க, எல்லா ரத்த சோகையும் இரும்புக் குறைவு இல்ல. ஏறிடுச்சுன்னா உடனே விட்றாதீங்க, சேமிப்பு நிறைய மேல மூணு மாசமாவது ஆகும், முக்காவாசி பேர் கோட்டை விடறது இங்கதான். சாப்பாட்டுல ஆட்டு ஈரல், சுவரொட்டி நல்லது (மாசமா இருந்தா மட்டும் ஈரலுக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க), முருங்கைக்கீரையும் நல்லதுதான், ஆனா கீரைல இருக்கிற இரும்பு உடம்புல கொஞ்சம்தான் சேரும், 9ல நிக்கிற ரத்தத்தைக் கீரையாலயே 12 ஆக்கிடலாம்னு உக்காந்திருக்காதீங்க.

பீட்ரூட் ஜூஸ் குடிச்சா ரத்தம் ஊறும்தானே? – வாசகர், சேலம்

கலர் மட்டும்தான் ஒத்துமை. நூறு கிராம் பீட்ரூட்ல ஒரு மில்லிகிராம் இரும்பு கூட முழுசா இல்ல. ருசிக்காக குடிங்க.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், 46 வயசு, 98 கிலோ, பிபி மாத்திரை போடறார். எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலைல தலைவலியோடதான் எந்திரிக்கிறார், நாள் பூரா கண்ணு சொக்குதுங்கறார். குறட்டை சத்தம் தெருவுக்கே கேக்கும், நடுவுல திடீர்னு நின்னுடும், எனக்கு பக்குனு ஆகும், அப்புறம் புர்ருன்னு ஒரு சத்தத்தோட மூச்சு வரும். அசதிக்கு ஒரு டானிக் சொல்லுங்க. – வாசகி, நாமக்கல்

டானிக் வேணாம்மா. நீங்க எழுதியிருக்கிறத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயோ நுரையீரல் டாக்டர்கிட்டயோ கொடுங்க, முடிஞ்சா இன்னிக்கு ராத்திரி போன்ல அந்தக் குறட்டைய வீடியோ எடுத்துக்கோங்க. ஸ்லீப் ஆப்னியான்னு பேர். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாய மூடிடும், பத்து செகண்ட் அதுக்கும் மேல மூச்சு நிக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பி விடும், அவருக்கு எழுந்ததே ஞாபகம் இருக்காது. மணிக்கு 5 தடவைக்கு மேல இப்படி ஆனாலே கோளாறு, 30 தாண்டினா தீவிரம்னு வச்சிருக்கோம், அப்ப எட்டு மணி நேரத்துல எத்தனை தடவை ஆச்சுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க, அது தூக்கமா? பிபி மாத்திரைக்கு அடங்காம இருக்கிறது, ராத்திரி ரெண்டு மூணு தடவை யூரின் போக எந்திரிக்கிறது எல்லாம் இதோட சேர்ந்ததுதான். சட்டை காலர் 16 இன்ச்சுக்கு மேல போடறவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி.

ஒரு ராத்திரி உடம்புல ஒயர் மாட்டி தூங்க வச்சுப் பார்க்கிற ஸ்லீப் ஸ்டடின்னு டெஸ்ட் இருக்கு, வீட்லயே பண்றதும் உண்டு. தீவிரமா இருந்தா சிபாப்னு ஒரு மெஷின், மாஸ்க் வழியா காத்தை அழுத்திக் கொடுத்து குழாய திறந்தே வச்சிருக்கும். முதல் வாரம் கழட்டி எறிவார், பழகினதுக்கப்புறம் அதில்லாம தூங்க மாட்டார். எடை குறைக்கணும், மல்லாந்து படுக்காம ஒருக்களிச்சுப் படுக்கணும், ராத்திரி குடியும் தூக்க மாத்திரையும் அறவே கூடாது, ரெண்டும் அந்தச் சதைய இன்னும் தளர விடும். கடைசியா ஒண்ணு, இதை அவர்கிட்ட என் பேர்ல சொல்லுங்க: டெஸ்ட் முடிஞ்சு வைத்தியம் ஆரம்பிக்கிற வரைக்கும் நைட் டிரிப் எடுக்காதீங்கண்ணே. வருமானம் போகும்னு தெரியும், தெரிஞ்சுதான் சொல்றேன்.

தைராய்டு மாத்திரை ரெண்டு வருஷமா போடறேன், காலைல 6 மணிக்கு ஃபில்டர் காபியோட, கூடவே இரும்பு, கால்சியம் மாத்திரை, எல்லாத்தையும் ஒரே வாய்ல முழுங்கிடுவேன். இன்னும் சோர்வு போகல, எடையும் ஏறுது. – வாசகி, கோவை

வேலை மிச்சம்னு நினைச்சு மாத்திரைய வேஸ்ட் பண்றீங்க. தைராக்ஸின் வெறும் வயித்துல பச்சைத் தண்ணில போட்டுட்டு காபிக்கும் டிபனுக்கும் அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் காத்திருக்கணும், இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளித்தான். டோஸ் ஏத்தச் சொல்லி டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஆறு வாரம் இப்படிப் போட்டுட்டு டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் பாருங்க.

அப்பாவுக்கு 63 வயசு, சுத்த சைவம், 12 வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடறார். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கறாங்க, சுகர் கண்ட்ரோல்லதான் இருக்கு. ஆனா கொஞ்ச நாளா கை கால் ஓஞ்சு போச்சுங்கறார், பாதம் மரத்துப்போகுது, நடக்கறப்ப செருப்பு நழுவறதே தெரியல, மறதி வேற. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா? – வாசகர், மதுரை

63 எல்லாம் ஒரு வயசா தம்பி. செருப்பு நழுவுறது தெரியலன்னா அது நரம்பு விஷயம். சுகராலயும் வரும், ஆனா நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு வைட்டமின் பி12 குறைவுதான் ஞாபகம் வந்துச்சு. மெட்ஃபார்மின் நல்ல மாத்திரை, வருஷக்கணக்கா போட்டா குடல்ல பி12 சேர்றத குறைக்கும். பி12 கறி, மீன், முட்டை, பால்லதான் இருக்கு, கீரை காய்ல கிடையாது. சைவக்காரர் பால் தயிரும் கம்மியா சாப்பிட்டா ரெண்டு பக்கமும் அடி. அப்பா தினமும் கேஸ் மாத்திரை போடறாரான்னும் கேளுங்க, முக்காவாசி வீட்ல யாரையும் கேக்காம சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடற பழக்கம் வந்துடுச்சு, அதுவும் பி12ஐ குறைக்கும். நாக்கு வழவழன்னு சிவந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க. பி12 டெஸ்ட் எடுத்துட்டு, குறைஞ்சிருந்தா ஊசியோ மாத்திரையோ ஆரம்பிச்சா அசதி சில வாரத்துல குறையும், மரத்துப்போனது மெதுவாத்தான் வரும், ரொம்ப நாள் விட்டா முழுசா வராது, அதான் அவசரப்படுத்தறேன். கிட்னி டெஸ்ட்டும் மூணு மாச சராசரி சுகரும் கூடவே பாத்துடுங்க.

டெங்கு வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் அசதி. – வாசகர், காரைக்குடி

ஆகத்தான் செய்யும், சில வாரம் இழுக்கும், ஜிம்முக்கெல்லாம் ஓடாம மெல்ல ஆரம்பிங்க. ஆனா சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல், எடை குறையுறது, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னு எது இருந்தாலும் டெங்கு மேல பழி போடாம, டிபி இருக்கான்னு பார்க்க சளி டெஸ்ட் கொடுத்துடுங்க.

எனக்கு 25, ராத்திரி ஷிப்ட், விடியக்காலை 5 மணிக்கு ஒரு காபி குடிச்சாதான் வீடு போய்ச் சேர முடியுது, படுத்தா தூக்கம் வரல. – வாசகர், சென்னை

காபில இருக்கிற கஃபீன் உடம்புல பாதியா குறையவே சராசரியா 5 மணி நேரம் ஆகும் தம்பி, 8 மணிக்குப் படுத்தா பாதிக்கு மேல காபி உள்ள உக்காந்துக்கிட்டிருக்கு. கடைசி காபி ராத்திரி 1 மணியோட சரி. வீடு போகும்போது கூலிங்கிளாஸ், ரூமுக்கு கனமா ஸ்க்ரீன். பைக்ல தூங்கிக்கிட்டே போகாதீங்க, கேப்ல போங்க.

47 வயசு. சிபிசி, தைராய்டு, சுகர், பி12 எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் நார்மல். மாமியார் ரெண்டு வருஷமா படுத்த படுக்கை, நான்தான் பாக்கறேன். விடியக்காலை 3 மணிக்கு முழிப்பு வந்தா வந்ததுதான். எழுந்து ஒரு டம்ளர் கழுவக்கூட மலைப்பா இருக்கு. மாடில மல்லிச்செடி வச்சிருந்தேன், தண்ணி ஊத்தப் போகல, காஞ்சே போச்சு. ரிப்போர்ட் நார்மல்னதும் வீட்ல "வேலை செய்யாம இருக்க சாக்கு"ங்கறாங்க. – பேர் வேண்டாம், தஞ்சாவூர் பக்கம்

ரிப்போர்ட் நார்மல்னா உங்க ரத்தம் நார்மல்னு அர்த்தம், நீங்க நல்லாருக்கீங்கன்னு அர்த்தமில்ல. அந்த மல்லிச்செடிய ரெண்டு தடவை படிச்சேன். பிடிச்ச வேலையும் பிடிக்காம போறது, விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்து மனசு எங்கெங்கயோ ஓடுறது, சின்ன வேலையும் மலையா தெரியுறது, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா மன அழுத்த நோயான்னு பாக்கணும். நம்மூர்ல நிறைய பேருக்கு அது அழுகையா வராது, அசதியாவும் உடம்பு வலியாவும்தான் முதல்ல வெளிய வரும். தூரம் நிக்கற வயசும் சேர்ந்துக்கும். மாவட்ட ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருப்பாங்க, போக முடியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். மாத்திரை கொடுத்தா வேலை செய்ய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், ஒரு வாரத்துல விட்டுடாதீங்க. செத்துப்போயிடலாம்னு நினைப்பு எட்டிப் பார்த்தா அன்னிக்கே சொல்லிடணும், தள்ளிப் போடக்கூடாது.

ஆனா மாத்திரை மட்டும் போதும்னு எனக்குத் தோணல, ரெண்டு வருஷமா நீங்க ஒரு ராத்திரி முழுசா தூங்கலயே. அதனால மிச்சத்தை உங்களுக்கு எழுதல, உங்க வீட்டுக்காரருக்கு எழுதறேன், இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவர் டிபன் தட்டுக்குப் பக்கத்துல வச்சிடுங்க. ஐயா, படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணிக்கு ஒரு தரம் ஆளைத் திருப்பிப் போடணும்னு உங்களுக்குத் தெரியுமா, ராத்திரி 12க்கும் 2க்கும் 4க்கும் எந்திரிச்சு யார் அதைப் பண்றாங்கன்னு பாத்திருக்கீங்களா? படுத்திருக்கிறது உங்க அம்மா. வாரத்துல நாலு ராத்திரி அந்தக் கட்டில் பக்கத்துல நீங்க பாய் போட்டுப் படுங்க, அவங்க வேற ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு தூங்கட்டும்.