ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பலகோணத்தை எப்படிப் புரியவைப்பது?

முதலில் வரையறையைச் சொல்லாதீர்கள். சில அட்டைகளில் அட்டைக்கு ஓர் உருவம் வரைந்து, நீங்களே இரண்டு கூட்டமாகப் பிரித்து வையுங்கள். ஒரு பக்கம் முக்கோணம், நாற்கரம், ஐங்கோணம். மறுபக்கம் வட்டம், அரைவட்டம், முனைகள் சேராமல் திறந்தே இருக்கும் ஓர் உருவம். "ஏன் இப்படிப் பிரிச்சேன், சொல்லு?" என்று கேட்டால் போதும். நேர்கோடுகளாக இருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும் என்ற இரண்டையும் பிள்ளையே சொல்லிவிடும். அப்படிப்பட்ட உருவத்துக்குத்தான் பலகோணம் என்று பெயர் என்பதை அப்போது சொல்லுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் உருவங்களை இந்த வயதில் விட்டுவிடலாம்.

நான் அதிகம் வலியுறுத்துவது அடுத்த கட்டத்தைத்தான். ஒரு சதுரத்தைச் சாய்த்து முனையில் நிற்க வைத்தால், பல பிள்ளைகள் அதைச் சதுரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், 'டைமண்ட்' என்பார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே தம்பதியர் 1957-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள்: பிள்ளைகள் முதலில் உருவத்தை மொத்தத் தோற்றமாகப் பார்க்கிறார்கள், பண்புகளைக் கவனிப்பது அதற்கு அடுத்த படி. அதனால் அட்டையில் வெட்டிய சதுரத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பிய பிறகு பக்கங்களை அளக்கட்டும், ஒரு தாளின் மூலையை வைத்துச் செங்கோணமா என்று பார்க்கட்டும். எதுவும் மாறவில்லை என்று அதுவே கண்டுகொள்ளும்.

அறுங்கோணம் என்றாலே எல்லாப் பக்கமும் சமமான அந்த அழகான உருவத்தை மட்டும் காட்டாதீர்கள். தடித்த 'ட' வடிவம் ஒன்றை வெட்டிக் கொடுங்கள். அதுவும் அறுங்கோணம்தான். உள்ளே மடங்கும் மூலையைப் பிள்ளைகள் சுலபமாகத் தவறவிட்டு 'அஞ்சு' என்பார்கள். எண்ணத் தொடங்கும் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் குழப்பம் தீரும். எத்தனை பக்கமோ அத்தனை மூலை என்பதும் அப்போதே பிடிபடும்.

அப்புறம் ஸ்ட்ராவும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்ட்ராவைக் கோத்து இறுக்கிக் கட்டினால் முக்கோணம் அசையாது. நான்கைக் கோத்தால் ஆடும், சாயும். எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்ட்ராவைக் கட்டினால் ஆட்டம் நின்றுவிடும். அதுதான் மூலைவிட்டம், நாற்கரத்தை அது இரண்டு முக்கோணமாக்கியிருக்கிறது. ஐங்கோணம் அசையாமல் நிற்க எத்தனை குறுக்கு ஸ்ட்ரா வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு. உள்ளே மூன்று முக்கோணம். கோணங்களின் கூட்டுத்தொகை 3 × 180 = 540 டிகிரி என்ற கணக்கை இரண்டு மூன்று வருடம் கழித்துச் சொல்லிக்கொடுக்கலாம்.