‘ஐ சா ஹிம் கிராஸ்’, ‘ஐ சா ஹிம் கிராஸிங்’: எது சரி?

இரண்டும் சரிதான், ஆனால் பொருள் வேறு. இதைக் கேட்ட நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் இதைக் கற்றுக்கொண்டது திட்டு வாங்கி.

2011-இல் ஒரு வக்கீல் ஆபீசில் மொழிபெயர்ப்பு வேலை. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்று ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு போனதால், சாட்சியத்தை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. “பெரியவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன், அப்போது லாரி இடித்தது” என்று சொல்லியிருந்தார் டீக்கடைக்காரர். நான் ‘ஐ சா தி ஓல்ட் மேன் கிராஸ் தி ரோட்’ என்று அடித்து வைத்தேன். சீனியர் அந்த ‘கிராஸ்’ மேல் சிவப்பில் வட்டம் போட்டார். “ஏம்ப்பா, பெரியவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டார்னா லாரி யாரை இடிச்சுது?”

அதுதான் விஷயம். வெறும் ‘கிராஸ்’ என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை முழுசாகப் பார்த்தேன் என்று அர்த்தம். ‘கிராஸிங்’ என்றால் நடு ரோட்டில் இருக்கும்போது பார்த்தேன், மிச்சம் தெரியாது. ‘சா ஹிம் கிராஸ்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இறந்த காலத்தை ‘சா’வே சொல்லிவிட்டது.

நடுவில் ‘டு’வும் வராது. “பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்” என்கிறோமே, அந்த ‘சொல்ல’ மாதிரி மொட்டையாகத்தான் நிற்கும். செயப்பாட்டு வினையில் மட்டும் ‘டு’ எட்டிப் பார்க்கும்: ‘ஹி வாஸ் சீன் டு கிராஸ்’. ‘ஸ்மெல்’ இன்னொரு தினுசு. ‘ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்’ உண்டு, ‘பர்ன்’ கிடையாது.

பேச்சில் வெள்ளைக்காரனே இப்படி நிறுத்துப் பார்ப்பதில்லை என்று கமென்டில் யாராவது வருவீர்கள். தெரியும் சார். பல இடங்களில் எதைப் போட்டாலும் ஓடிவிடும்தான். அடிபட்டவர் குடும்பத்துக்குக் காசு வர வேண்டிய காகிதத்தில் ஓடாது.

அந்தப் பக்கத்தை மறுபடி முழுசாக அடித்தேன். அதற்குத் தனிக் கூலி கிடையாது. தமிழில் இரண்டு பக்கம் இருப்பது ஆங்கிலத்தில் ஒன்றரையாகச் சுருங்கும். பக்கக் கணக்கில் கூலி கொடுக்கும் ஆபீஸ்காரர்கள் எண்ணுவது ஆங்கிலப் பக்கத்தை. அரைப் பக்கத்தைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.