அகராதியைப் புரட்டுங்க, அப்புறம் டீச்சரைக் கேளுங்க

போன இதழில் ‘கடினமான ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது?’ என்று கேட்ட ஒருவருக்கு இரண்டே வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிட்டேன். அது போதவே போதாது என்று ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. சரி, இந்த முறை வேறு விஷயமே இல்லை.

பேங்க் தேர்வுக்குப் படிப்பவர், தென்காசி: டீச்சர், வொக்காபுலரி பிடிஎஃப் ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் மனப்பாடம் செய்கிறேன். காலையில் படித்தது சாயங்காலம் இல்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

உங்கள் ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. படிக்கிற விதம்தான் சரியில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், மறதியை அளந்து பார்த்து 1885-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சோதனைக்கு ஆளும் அவரே. எந்த அர்த்தமும் இல்லாத அசைகளாகப் பார்த்துச் சேர்த்து, உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் மறக்கிறது என்று குறித்துவைத்தார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி படுவேகம், அப்புறம் மெதுவாகிறது. அர்த்தம் இருந்தால் அது ஞாபகத்துக்குக் கைகொடுத்துவிடும் என்றுதான் அவர் அர்த்தமில்லாததைத் தேர்ந்தெடுத்தார். நீங்களோ அர்த்தம் உள்ள சொற்களை எடுத்து, அவற்றையும் வெறும் அசைகளாக்கி உருப்போடுகிறீர்கள்.

மிடிகேட், அலீவியேட், அபேட். மூன்றுக்கும் உங்கள் பிடிஎஃப்-ல் ‘குறைத்தல், தணித்தல்’ என்றுதான் போட்டிருக்கும். பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஆப்ஷனாக வந்தால் என்ன செய்வீர்கள்? அலீவியேட் செய்வது வலியை, வறுமையை, துன்பத்தை. மிடிகேட் செய்வது ஆபத்தை, பாதிப்பை, விளைவை. அபேட் பெரும்பாலும் தானாக நடப்பது: புயல் அபேட் ஆகும், காய்ச்சல் அபேட் ஆகும். வறுமை என்ற சொல் கோடிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றாலே கை அலீவியேட் பக்கம் போக வேண்டும். ஒரு சொல்லின் அர்த்தம் பாதி அகராதியில் இருக்கிறது, மீதி அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. பட்டியலில் அக்கம்பக்கம் கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். பேப்பரில் படித்த ஒரு வாக்கியத்தைச் சின்ன அட்டையில் எழுதி, அந்தச் சொல் வரும் இடத்தில் கோடு போட்டு விடுங்கள். பின்பக்கம் சொல். அட்டைகளைத் தடுப்பு வைத்த ஒரு ஸ்வீட் பாக்ஸில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பாகச் சொன்னால் முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது. ஆங்கி மாதிரி செயலிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான். ஆனால் அட்டையைக் கையால் எழுதுங்கள். செயலியில் யாரோ செய்து வைத்ததை இறக்கிக்கொள்வது இன்னொரு பிடிஎஃப் படிப்பதுதான்.

இன்ஜினியரிங் மாணவர், கோயம்புத்தூர்: வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிறேன். சீனியர் அண்ணா ஒருவர் தடிமனான பழைய வேர்டு லிஸ்ட் புத்தகத்தைக் கொடுத்தார். அதை முழுசாக முடித்தால் போதுமா?

அண்ணாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் புத்தகம் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2011 ஆகஸ்டில் ஜிஆர்இ-யின் அமைப்பே மாறிவிட்டது. எதிர்ச்சொல் கேட்பதும், ‘இதற்கு அது என்றால் அதற்கு எது’ என்ற அனாலஜியும் போய்விட்டன. இப்போது வருவது வாக்கியத்தை நிரப்புவது. ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுப்பது. பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. சொல் தெரியாமல் இதில் ஒன்றும் நடக்காது, ஆனால் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபடாவிட்டால் சொல் தெரிந்தும் பயனில்லை. ‘ஆல்தோ’ வந்தால் பின்பாதி முன்பாதியை மறுக்கப்போகிறது என்று அர்த்தம். முதலில் அதைக் கவனியுங்கள்.

பட்டியல் இல்லாமல் தூக்கம் வராது என்றால், ஆவரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்துப் பேராசிரியை 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட் இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள். கல்லூரிப் பாடநூல்களில் துறை வித்தியாசமில்லாமல் திரும்பத் திரும்ப வருபவை. ஜிஆர்இ-யின் முரட்டுச் சொற்கள் அதில் அவ்வளவாக இருக்காது. ஆனால் அங்கே போய்ப் படிக்கப் போகும் புத்தகங்களில் அவைதான் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

இல்லத்தரசி, விருத்தாசலம்: மகள் எட்டாம் வகுப்பு. ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்கவா, ஆங்கிலம்-ஆங்கிலம் வாங்கவா?

இரண்டும் வாங்குங்கள் அம்மா. தமிழ் அகராதியைக் கேவலமாகப் பேசும் டீச்சர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. தமிழில் பொருள் தெரிந்தால் பயம் போய்விடும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. த்ரிஃப்டி, ஃப்ரூகல், பார்சிமோனியஸ், ஸ்டிஞ்சி என்று நான்கு சொற்கள். ‘சிக்கனமான’ என்ற ஒற்றைச் சொல்லில் முதல் மூன்றையும் அடைத்துவிடும் கையடக்க அகராதிகளைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி ஒரு மாணவி, தன் அம்மா பார்சிமோனியஸ் ஆனவர், அதனால்தான் எங்களைப் படிக்க வைக்க முடிந்தது என்று கட்டுரை எழுதினாள். பாவம், அவள் நினைத்தது சிக்கனம், எழுதியது கஞ்சத்தனம். த்ரிஃப்டி பாராட்டு. ஃப்ரூகல் எளிமையான வாழ்க்கை. பார்சிமோனியஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வது. ஸ்டிஞ்சி நேரடியாகவே திட்டு. சிக்கனக்காரர், கஞ்சன், கருமி என்று நாம் தமிழில் படிப்படியாக இறங்குகிறோமே, அதேதான்.

ஆங்கில-ஆங்கில அகராதியில் ‘லேர்னர்ஸ்’ என்று அட்டையில் போட்டிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே எழுதப்பட்டவை அவை. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் வாத்தியாராக இருந்தபோது, அங்கே உள்ள மாணவர்களுக்காகக் கூட்டாளிகளோடு தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியைத்தான் ஆக்ஸ்ஃபோர்டு 1948-ல் தன் பெயரில் போட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதன் வாரிசு. 1978-ல் வந்த லாங்மன் அகராதியோ, சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாச் சொல்லுக்கும் விளக்கம் எழுதியது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப்போய், அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடும் கொடுமை இதில் குறைவு. எட்டாம் வகுப்புக்கு அதுவே தோது.

பிபிஓ ஊழியர், சென்னை: அர்த்தம் தெரிகிறது, ஆனால் வாயைத் திறந்து சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களும் எங்கேயோ அப்படிச் சொல்லித்தான் வந்திருப்பார்கள். கண்ணால் படித்தே வளர்ந்த சொற்களுக்கு இந்த ஆபத்து உண்டு. எழுத்தைப் பார்த்தால் எபிடோம் என்று வாய் வரும், அது எபிடமி. ஹைபர்போல் இல்லை, ஹைபர்பலி. டெப்ரிஸ் இல்லை, டெப்ரீ. சட்டில் என்பதில் ‘பி’ வாயே திறக்காது. ஆன்லைன் அகராதிகளில் சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும். புதுச்சொல் எதையும் அதை ஒரு தட்டு தட்டாமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

அரசு ஊழியர், திண்டுக்கல்: சசி தரூர் மாதிரி எழுத ஆசை. ஆபீஸ் கடிதத்தில் பெரிய சொற்களைப் போட்டால் அதிகாரி ‘சிம்பிளா எழுதுய்யா’ என்கிறார். யார் சரி?

உங்கள் அதிகாரி. தரூர் 2017-ல் ட்விட்டரில் ‘ஃபராகோ’ என்று ஒரு சொல்லைப் போட்டதும் நாடே அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கண்டதையும் கலந்துகட்டிய குப்பை என்று பொருள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். தன்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளைக் கோபத்தோடும் நக்கலோடும் உதறுகிற இடம் அது. அங்கே அந்தச் சொல் சரியாக உட்கார்ந்தது. அடுத்த வருஷம் தன் புத்தகத்தை அறிவிக்கும்போது ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன் என்று 29 எழுத்துச் சொல் ஒன்றைப் போட்டார். ஒன்றுக்கும் உதவாதது என்று ஒன்றை ஒதுக்குவது என்று பொருள். அது விளம்பரம், விளையாட்டு. நீங்கள் எழுதுவதோ குடிநீர்க் குழாய் பழுதைப் பற்றி. ‘கமென்ஸ்’ வேண்டாம், ‘பிகின்’ போதும். பெரிய சொற்களைப் படிக்கத் தெரிந்திருங்கள், எழுதும்போது அவற்றுக்கு லீவு கொடுங்கள்.

ஆசிரியப் பயிற்சி மாணவி, காரைக்குடி: லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைப் படித்தால் ஆயிரம் சொற்கள் தானாக வருமாமே?

தானாக எதுவும் வராது, ஆனால் உதவும். லத்தீனில் ‘லாக்வி’ என்றால் பேசுவது. எலக்வென்ட், பேச்சில் வல்லவர். லொக்வேஷியஸ், ஓயாமல் பேசுகிறவர். சொலிலக்வி, நாடகத்தில் தனக்குத்தானே பேசுவது. வென்ட்ரிலக்விஸ்ட், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசுகிறவர். சொல்லுக்கு நேர் அர்த்தம் ‘வயிற்றால் பேசுகிறவர்’. இப்படி ஒரே குடும்பமாக வந்தால் மறக்காது.

ஆனால் வேர் சில நேரம் காலை வாரிவிடும். எக்ரீஜியஸ் என்பதற்கு ‘மந்தையிலிருந்து தனித்து நிற்பது’ என்று வேர் சொல்லும். ஒரு காலத்தில் பாராட்டாகவே இருந்தது. இன்று எக்ரீஜியஸ் என்றால் படுமோசமான தவறு. சிபாரிசுக் கடிதத்தில் போட்டுவிடாதீர்கள். நாய்சம் என்பதற்கும் நாய்ஸுக்கும் சம்பந்தமே இல்லை, அது குமட்டும் நாற்றம். வேரை வைத்து ஊகியுங்கள், ஊகத்தை அகராதியில் சரிபாருங்கள்.

ஐடி ஊழியர், ஓசூர்: மீட்டிங்கை முன்கூட்டியே வைப்பதற்குச் சொல்லும் பிரீபோன் என்ற சொல் தப்பா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இருக்கிறது. லண்டன் ஆளுக்கு மெயில் போடும்போது மட்டும் ‘பிரிங் ஃபார்வர்டு’ என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்றவர், கும்பகோணம்: வயது 63. இனிமேல் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள் சார். உங்களுக்குத் தேர்வு இல்லை, அதனால் அவசரமும் இல்லை. கிரிக்கெட் பிடிக்கும் என்றால் கிரிக்கெட் பத்தியையே ஆங்கிலத்தில் படியுங்கள். புதுச்சொல் முதல் முறை வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை வந்தால் அடிக்கோடு. மூன்றாம் முறையும் வந்து நின்றால் அகராதியை எடுங்கள். நீங்கள் அனுப்பியிருந்த பட்டியலில் உள்ள ‘டிஃபெனஸ்ட்ரேட்’, ஒருவரை ஜன்னல் வழியாக வெளியே வீசுவது. கும்பகோணத்தில் தேவைப்படாது, அடித்துவிடலாம்.